ரைபிள் போல்ட் இறுகினால்: எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பழுது தேடுவது

குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும், கைப்பிடி வைத்த இரும்பு உருளைதான் போல்ட். "போல்ட் டைட்டா இருக்கு" என்று மட்டும் சொன்னால், துப்பாக்கிப் பழுது பார்க்கும் கன்ஸ்மித்துக்கு அதில் ஒன்றும் புரியாது. கைப்பிடியைத் தூக்கும்போதா, பின்னால் இழுக்கும்போதா, முன்னால் தள்ளும்போதா, கடைசியில் கைப்பிடியை இறக்கும்போதா? வெறும் ரைபிளிலா, சுட்ட பிறகா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பழுதில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். தெரியாமல் எண்ணெயை ஊற்றினாலோ, கைப்பிடியைத் தட்டினாலோ, துடைத்தாலே தீர்ந்திருக்க வேண்டியது செலவில் போய் முடியும்.

பெங்களூரில் தமிழர் வீடுகளில் இருக்கும் போல்ட் ரைபிள்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம். அல்சூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ராணுவ மையம்) பக்கம் குடியேறிய முன்னாள் ராணுவத்தினரிடம் .315. ரேஞ்சுக்குப் போகும் பிள்ளைகளிடம் .22. குடகு, சிக்கமகளூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பழைய .30-06 மாதிரி பெரிய காலிபர் (குழல் விட்டம்). கடையில் இன்னும் 'ஹன்டிங் ரைபிள்' என்றுதான் சொல்வார்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது இங்கே வேட்டை கூடாது. அதனால் ரைபிள் மாதக்கணக்கில் பீரோவில் கிடக்கிறது. போல்ட் இறுகுவதற்கு அதுவே பெரிய காரணம்.

## கை வைப்பதற்கு முன்

மேகசினைக் கழற்றுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துப் போல்ட்டைத் திறந்து, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். போல்ட் திறக்கவே இல்லை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்றும் தெரியவில்லை என்றால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

துடைப்பது, எண்ணெய் போடுவது, கழற்றி மாட்டுவது உரிமையாளரின் வேலை. அரம் போடுவது, உலோகத்தைத் தேய்த்துக் குறைப்பது, உறுப்பு மாற்றுவது எல்லாம் ரிப்பேர். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி ரிப்பேருக்குத் தனி உரிமம் வேண்டும். தெருமுனை லேத் கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுக்கக் கூடாது.

கையில் வேண்டியவை: தையல் மெஷின் எண்ணெய், மினரல் டர்பன்டைன், கொஞ்சம் லித்தியம் கிரீஸ், பழைய டூத் பிரஷ், காலிபருக்கேற்ற வெண்கல பிரஷ், கிளீனிங் ராடு, நைந்த வேட்டித் துணி, இயர் பட், சின்ன டார்ச், ஒரு கறுப்பு மார்க்கர். பிரஷ்ஷும் ராடும் துப்பாக்கிக் கடையில் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் ஜே.சி. ரோட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கும்.

## எது பழுது, எது இயல்பு

.315, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டின் அமைப்பில் வந்தது. போல்ட்டை முன்னால் தள்ளும் கடைசி இரண்டு விரல்கிடையில்தான் ஸ்பிரிங் அழுந்தும். அந்த இடத்தில் கை கனக்கும். அது பழுது இல்லை. ஜெர்மன் மவுசர் வகையில் நேர் எதிர்: கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் அழுந்தும், அதனால் தூக்குவது கனமாகவும் தள்ளுவது லேசாகவும் இருக்கும். ஒன்றில் பழகிய கை மற்றதைப் பிடித்ததும் "இறுகுது" என்று நினைப்பது வழக்கமாக நடப்பது.

மேட்ச் சேம்பர் (போட்டிக்கென்று இறுக்கமாக வெட்டியது) உள்ள .22-வில் கைப்பிடியை இறக்கும்போது கடைசியில் மெல்லிய அழுத்தம் தெரியும். ஈயக் குண்டு குழலின் வரிப்பள்ளத்தைத் தொடுகிறது. அதுவும் இயல்புதான்.

பல மவுசர்களில் மேகசின் காலியானதும் ஃபாலோவர் (தோட்டாக்களை மேலே தள்ளும் தகடு) மேலே எழும்பி நின்று போல்ட்டை மூட விடாது. சுடுபவருக்குத் தோட்டா தீர்ந்தது தெரியட்டும் என்றே அப்படி வைத்தார்கள். ஃபாலோவரை விரலால் அழுத்திக்கொண்டு தள்ளினால் போல்ட் போய்விடும்.

## அறிகுறி 1: வெறும் ரைபிளிலேயே கைப்பிடி தூக்க வரவில்லை

முதலில் சேஃப்டி. சிரிக்க வேண்டாம். .315-இல் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். மவுசரின் இறக்கை மாதிரிச் சேஃப்டி வலப்பக்கம் முழுக்கச் சாய்ந்திருந்தால் போல்ட் நகராது. நேராக நிமிர்ந்து நின்றால் சேஃப்டியும் இருக்கும், போல்ட்டும் திறக்கும். புது ரைபிள்கள் பலவற்றில் இதற்கென்று தனிச் சின்னப் பொத்தான் உண்டு.

அடுத்து எண்ணெய். டிசம்பர், ஜனவரிக் காலையில் இறுகி, மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிற ரைபிள் என்றால் காரணத்தை வெளியே தேட வேண்டாம். யாரோ தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். பெங்களூர் குளிர்காலக் காலை அதற்கும் பத்து டிகிரி கீழே போகும். சென்னையில் வருஷக்கணக்காகப் பிரச்சினை தராத பழக்கம் இங்கே வந்ததும் காட்டிக்கொடுப்பது இதனால்தான். உறைவது போக, நாள்பட்டால் பிசினாகவும் மாறும். நல்லெண்ணெயும் பிசினாகும்.

டபிள்யூடி-40-ஐ அடித்து அடித்து வைத்த போல்ட்டிலும் உள்ளே பழுப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் அது நல்லது. மாதக்கணக்கில் உள்ளே விட்டு வைக்கிற எண்ணெய் அது இல்லை.

செய்ய வேண்டியது: போல்ட்டைக் கழற்றி, டர்பன்டைனில் நனைத்த டூத் பிரஷ்ஷால் வெளிப்புறம், லக் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) இரண்டின் பின்முகம், காக்கிங் பீஸ் (தோட்டாவைக் குத்தும் ஃபயரிங் பின்னின் பின்முனைத் துண்டு) உரசும் சாய்வுப் பள்ளம் ஆகியவற்றைத் தேயுங்கள். துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். உலர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போட்டு, துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். விரலில் வழவழப்பு தெரிந்தால் போதும், ஈரம் தெரியக் கூடாது. லக்கின் பின்முகத்திலும் சாய்வுப் பள்ளத்திலும் மட்டும் கடுகளவு கிரீஸ். அதற்கு மேல் போட்டால் தூசியைச் சேர்த்து அரைக்கும்.

துடைத்தும் தீரவில்லை என்றால் ஒரு சோதனை. மவுசர் வகையில் மட்டும் இது பலிக்கும். ஸ்பிரிங் இறங்கிய நிலையில், அதாவது டம்மி (வெடிக்காத போலி) தோட்டா வைத்து டிரிகரை இழுத்த பிறகு, கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். பிறகு மூடி, டிரிகரைத் தொடாமல் மறுபடி தூக்குங்கள்.

முதல் முறை கனம், இரண்டாம் முறை பஞ்சு மாதிரி என்றால் இறுக்கம் காக்கிங் பகுதியில். போல்ட்டின் உள்ளே ஃபயரிங் பின், ஸ்பிரிங் இருக்கும் குழியில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம், அல்லது சாய்வுப் பள்ளம் வறண்டு கீறல் விழுந்திருக்கலாம். ஃபயரிங் பின்னை வெளியே எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துத் துடைக்கலாம். தெரியாதவர்கள் ஸ்பிரிங்கோடு விளையாட வேண்டாம். முகத்துக்கு நேரே தெறிக்கும்.

இரண்டு முறையும் ஒரே கனம் என்றால் போல்ட் எங்கோ இடிக்கிறது. கீழே இருக்கிற மூன்றையும் பாருங்கள்.

*ஸ்கோப்.* கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பின் பின்பக்கக் கண்ணாடிக் கூட்டில் தட்டுகிறதா? அது கண்ணுக்கே தெரியும். தெரியாதது மவுன்ட் ஸ்க்ரூ. முன்பக்க மவுன்ட்டின் ஸ்க்ரூ ஒரு மரை நீளமாக இருந்தால் ரிசீவருக்குள் (போல்ட் ஓடும் கூடு) எட்டிப் பார்த்து லக்கை உரசும். ஸ்கோப் மாட்டியதிலிருந்துதான் இறுகுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தியதும் போல்ட் விடுகிறதோ அதுதான் குற்றவாளி. சரியான நீள ஸ்க்ரூ வாங்கிப் போடுங்கள். தளர்த்தியே வைத்துச் சுட்டால் ஸ்கோப் ஆடும்.

*ஆக்‌ஷன் ஸ்க்ரூ.* ரிசீவரை ஸ்டாக்கோடு (ரைபிளின் கட்டை) பிணைக்கும் ஸ்க்ரூ இது. ஸ்டாக்கை மாற்றிய பிறகோ, கழற்றி மாட்டிய பிறகோ வந்த இறுக்கம் என்றால் இதுவும் அதே கதை: முன் ஸ்க்ரூவும் பின் ஸ்க்ரூவும் இடம் மாறியிருக்கலாம், அல்லது புது ஸ்டாக்குக்கு அவை நீளமாக இருக்கலாம்.

*மர ஸ்டாக்.* மழைக்காலத்தில் மரம் ஊறும். கைப்பிடி உட்காரும் வெட்டில் மரம் தட்டினால் கைப்பிடி அடிவரை இறங்காது, எழும்பும்போதும் உரசும். போல்ட்டை மூடி, கைப்பிடிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் துண்டை நுழைத்துப் பாருங்கள். சுற்றிலும் தாராளமாகப் போக வேண்டும். மாட்டிக்கொண்டால், ரைபிளை ஒரு வாரம் காய்ந்த அறையில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அவசரப்பட்டு மரத்தைச் செதுக்கினால் மார்ச் மாதத்தில் அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும்.

எங்கே உரசுகிறது என்றே பிடிபடாவிட்டால் மார்க்கரை எடுங்கள். துடைத்து உலர்ந்த போல்ட்டின் உடல், லக், கைப்பிடியின் அடி எல்லாவற்றிலும் கறுப்பு பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டு, பத்துத் தடவை திறந்து மூடுங்கள். லக்கின் பின்முகத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக மை போயிருந்தால் நல்லது. உடலில் நீளவாக்கில் ஒரே ஒரு மெல்லிய கோடு பளபளத்தால் ரிசீவரில் ஏதோ பிசிர் இருக்கிறது. அந்தக் கோடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அதற்கு நேரே ரிசீவருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கெட்டிப்பட்ட அழுக்கோ, ஒடிந்து கிடக்கும் பித்தளைச் சிலாம்போ இருக்கும்; இயர் பட்டால் எடுத்துவிடலாம். உலோகமே எழும்பியிருந்தால் எம்ரி பேப்பரைத் தொடாதீர்கள், கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். பிறகு டர்பன்டைனால் மையைத் துடைத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: வெறும் ரைபிளில் நன்றாக இருக்கிறது, சுட்டதும் திறக்க மறுக்கிறது

இந்த ஒன்றை அலட்சியப்படுத்தவே கூடாது. இங்கே போல்ட்டைவிட சேம்பரையும் தோட்டாவையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸ் விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டும், அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விடும். சுவர் சொரசொரப்பாக இருந்தாலோ, அழுத்தம் அளவுக்கு மீறினாலோ விடாது. அதனால் முதல் வேலை, சுடுவதை அத்தோடு நிறுத்துவது. "இன்னும் ரெண்டு ரவுண்டு பார்க்கலாம்" என்கிற பேச்சு வேண்டாம்.

அழுக்குச் சேம்பர். குழலைத் துடைக்கிறவர்கள் சேம்பரைத் துடைப்பதில்லை. குழலுக்குள் போகும் பிரஷ் சேம்பரில் லொடலொடவென்று சும்மா போய்வரும். சேம்பர் அதைவிட அகலம். .30-06 சேம்பருக்கு .45 பிஸ்டல் வெண்கல பிரஷ் பொருந்தும். டர்பன்டைனில் நனைத்து, குட்டை ராடில் மாட்டி, ஒரே பக்கமாகப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, பிறகு துணியால் துடையுங்கள்.

எண்ணெய்ச் சேம்பர். துடைத்த பின் எண்ணெய் பூசி வைப்பது சரி. அதே எண்ணெயோடு சுடுவது தவறு. எண்ணெய் இருந்தால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு உதையும் போல்ட்டின் மேல் வந்து விழும். கைப்பிடி இறுகுவது மட்டுமில்லை, நாளடைவில் லக்கும் அடிபடும். ரேஞ்சுக்குப் போனதும் முதல் வேலையாக உலர்ந்த துணியைக் குழலிலும் சேம்பரிலும் ஒருமுறை ஓட்டுங்கள். பட்டாளத்தில் புல்-த்ரூ (குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சூடான தோட்டா. ஏப்ரல் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் இருந்த தோட்டாப் பெட்டி, தொட முடியாத சூட்டில் இருக்கும். உள்ளே இருக்கும் வெடிமருந்து சூடாக இருந்தால் அழுத்தம் கூடும். அதே பெட்டித் தோட்டா காலையில் சரியாகவும் மத்தியானம் இறுக்கமாகவும் இருந்தால் இதுதான். நிழலில் வைத்து ஆறவிடுங்கள். தொடர்ந்து சுட்டுக் காய்ந்த குழலில் தோட்டாவைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பதும் இதே தப்புதான்.

காலிக் கேஸைப் படியுங்கள். இறுகிய கேஸையும், நன்றாக வந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பின்புறத்தை டார்ச்சில் பாருங்கள். நல்ல கேஸில், அடியில் இருக்கும் பிரைமரின் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஓரம் உருண்டையாக, சுற்றிலும் மெல்லிய பள்ளத்தோடு இருக்கும். அழுத்தம் மீறியதில் பிரைமர் தட்டையாகப் பரவி அந்தப் பள்ளமே மறைந்திருக்கும். ஃபயரிங் பின் குத்திய குழியைச் சுற்றி எரிமலை வாய் மாதிரி ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். பித்தளையில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் முனை) படும் இடத்தில் பளபளவென்று ஒரு வட்டம் பதிந்திருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பெட்டித் தோட்டாவைச் சுடாதீர்கள், ரைபிளையும் காட்டுங்கள்.

கேஸின் அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள் வெளியே ஒரு பளபளப்பு வளையம் ஓடினால் இன்னொரு விஷயம். ஒரு குண்டூசியின் நுனியை வளைத்து, கேஸ் வாய் வழியே விட்டு உள்சுவரில் மேலும் கீழும் இழுங்கள். வளையத்துக்கு நேரே உள்ளே பள்ளத்தில் நுனி மாட்டினால் கேஸ் அறுந்துவிடும் நிலையில் இருக்கிறது. ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அதிகம் என்று பொருள். கோ, நோ-கோ கேஜ் (அளவுக் கட்டை) வைத்துத்தான் அளக்க முடியும். அது கன்ஸ்மித்திடம் இருக்கும்.

துருக்குழி விழுந்த சேம்பர். செலவு பிடிக்கும் காரணம் இதுதான். துடைத்த பிறகும் எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி இறுகும். வெளியே வந்த கேஸ்களில் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் சொரசொரப்பு பதிந்திருக்கும். பழைய காலத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து விடும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. கொதிக்கும் தண்ணீர் கரைக்கும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் புனல் வைத்து வெந்நீர் ஊற்றியது இதற்காகத்தான். பழைய இருப்புத் தோட்டா சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். குழி ஏற்கெனவே விழுந்துவிட்டால் கன்ஸ்மித் லேசாக மெருகு போட்டுப் பார்ப்பார். ஆழமாக இருந்தால் பேரலை மாற்றுவது பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

## அறிகுறி 3: கைப்பிடி எழும்புகிறது, பின்னால் இழுக்க வரவில்லை

கேஸ் சேம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழலை இலக்குப் பக்கமே வைத்து, கைப்பிடியை உள்ளங்கையால் ஒரே முறை பின்னோக்கி உறுதியாகத் தட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள்.

போல்ட் வந்து, கேஸ் மட்டும் உள்ளே தங்கினால், கேஸை இழுத்து வரும் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். அதன் கொக்கிக்கு அடியில் பித்தளைத் தூளும் கரியும் கெட்டியாக அடைந்திருந்தால் கொக்கி விளிம்பைப் பிடிக்காமல் நழுவும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி டர்பன்டைனில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கொக்கியின் முனை உடைந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ உறுப்பை மாற்ற வேண்டும்.

உள்ளே இருப்பது சுட்ட காலிக் கேஸ்தான் என்று கண்ணால் உறுதியானால் மட்டும், போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வாய் வழியாகக் கிளீனிங் ராடை விட்டு மெல்லத் தட்டி எடுக்கலாம். சுடாத தோட்டாவை ராடால் தள்ளவே கூடாது.

டிரிகரை இழுத்தும் வெடிக்காத தோட்டாவோடு போல்ட் இறுகினால், குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. பிறகு ரேஞ்ச் ஆஃபிசரைக் கூப்பிடுங்கள். நீங்களாகப் பிடுங்காதீர்கள்.

## அறிகுறி 4: முன்னால் தள்ளும்போது பாதி வழியில் நிற்கிறது

.315-க்கே உரிய தொந்தரவு இது. அதன் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு அகலம். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், மேலே உள்ளதைத் தள்ளும்போது கீழே உள்ளதும் சேர்ந்து வரும்; போல்ட் சிக்கும். பலம் போட்டால் மேகசின் உதடுதான் (தோட்டாவைப் பிடிக்கும் மேல்விளிம்பு) வளையும். போல்ட்டைப் பின்னால் இழுத்து, மேகசினைக் கழற்றி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் வரும்படி அடுக்குங்கள்.

அடுக்கு சரியாக இருந்தும் நின்றால் மேகசின் உதடு வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தலைகீழாகப் போயிருக்கிறதா, மேகசின் முழுக்கப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உதட்டை இடுக்கியால் நிமிர்த்த ஆசை வரும். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் அடுத்த பிரச்சினை தொடங்கும்; வேறு மேகசின் மாட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு கொடுங்கள்.

## அறிகுறி 5: போல்ட் முன்னால் போய்விட்டது, கைப்பிடி இறங்கவில்லை

முதலில் தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். .308 ரைபிளில் .30-06 தோட்டா நுழைந்தால் நீளம் காரணமாக மூடாது, அது நல்லதற்குத்தான். தலைகீழாக, .30-06 ரைபிளில் .308 போய் மூடிவிடும், அதுதான் ஆபத்து. கழுத்தில் நசுங்கல் உள்ள தோட்டா, குண்டு ஆடுகிற தோட்டா இரண்டையும் தனியே ஒதுக்குங்கள்.

மவுசரில் தோட்டாவைக் கையால் நேரே சேம்பரில் போட்டு மூடினால் பெரிய எக்ஸ்ட்ராக்டர் கொக்கி விளிம்பின் மேல் ஏறாது. அந்த வகை மேகசினிலிருந்துதான் தோட்டாவை எடுத்துக்கொள்ளும். வலுக்கட்டாயமாக மூடினால் கொக்கி போய்விடும்.

.22-வில் இந்த அறிகுறிதான் அதிகம். மெழுகும் ஈயமும் கரியும் சேம்பரின் முன்விளிம்பில் வளையமாகப் படியும். .22 ஷார்ட் தோட்டாவை .22 லாங் ரைபிள் சேம்பரில் சுட்டிருந்தால் அந்த வளையம் இன்னும் பின்னால், கேஸ் போய் உட்காரும் இடத்திலேயே விழும். பிரஷ்ஷை டர்பன்டைனில் நனைத்து சேம்பரில் பத்து நிமிடம் விட்டு வையுங்கள், பிறகு சுற்றி எடுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் வளையம் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். அது மறையும்வரை மறுபடியும் செய்யுங்கள்.

துடைத்தும் தோட்டா கடைசி ஒரு மில்லிமீட்டர் போகவில்லை என்றால், சேம்பரின் பின்விளிம்பில் பிறை வடிவில் நசுங்கல் இருக்கிறதா பாருங்கள். டம்மி வைக்காமல் வெறும் .22-வில் டிரிகரை இழுத்து இழுத்துப் பழகியதன் விளைவு அது. ஃபயரிங் பின் நேரே சேம்பர் விளிம்பில் குத்தி உலோகத்தை உள்ளே தள்ளியிருக்கும். அதை அயர்ன் பண்ணி நிமிர்த்த கன்ஸ்மித்திடம் தனிக் கருவி உண்டு. அரம் போட்டால் சேம்பர் கெட்டது.

மேட்ச் .22-வில் இன்னொன்று: சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு உள்ளேயே ஒட்டிக்கொண்டு, கேஸ் மட்டும் வரலாம். மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டும். போல்ட்டைக் கழற்றி, மருந்தைத் தட்டிக் கொட்டித் துடைத்து, சேம்பரில் கேஸ் இல்லை என்று பார்த்த பிறகுதான் ராடால் குண்டைத் தள்ள வேண்டும்.

## அறிகுறி 6: துடைத்துவிட்டு மாட்டப் போனால் போல்ட் உள்ளேயே போகவில்லை

ஒன்றும் உடையவில்லை. போல்ட் வெளியே இருக்கும்போது பின்பகுதி திரும்பி, காக்கிங் பீஸ் அதன் சிறு வெட்டிலிருந்து நழுவிவிட்டது. மவுசர் வகையில் காக்கிங் பீஸை மேசை விளிம்பில் மாட்டி, போல்ட்டை இழுத்துத் திருப்பி, மறுபடி வெட்டில் உட்காரவையுங்கள். பழந்துணியைச் சுற்றிப் பிடித்தால் கை வழுக்காது.

.315-இல் போல்ட் தலை தனியாக மரையில் திருகுகிறது. அதை முழுதும் திருகி, போல்ட்டின் நீள வரம்போடு நேராகும்வரை மட்டும் பின்னால் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக் குறைவாகத் திருகியிருந்தால் போல்ட் அத்தனை நீளமாகிவிடும், தோட்டாவின் மேல் மூடாது. முழுதும் திருகிய தலை அந்த வரம்பைத் தாண்டி ரொம்பச் சுழன்று போனால் மரை தேய்ந்திருக்கிறது. இன்னொரு ரைபிளின் போல்ட்டையோ போல்ட் தலையையோ மாட்டிப் பார்க்காதீர்கள். மாட்டும், மூடவும் செய்யும்; ஹெட்ஸ்பேஸ் என்னவாகும் என்பது கேஜ் வைக்காமல் தெரியாது. போல்ட்டில் உள்ள எண்ணும் ரிசீவரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒரு பார்வை பாருங்கள்.

## அறிகுறி 7: டெபாசிட்டிலிருந்து வந்த ரைபிள் அசையவே இல்லை

தேர்தல் அறிவித்ததும் ஆயுதங்களை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தல், 2024 நாடாளுமன்றத் தேர்தல் என்று அடுத்தடுத்து வந்ததில் பல ரைபிள்கள் இரண்டு முறை உள்ளே போய் வந்தன. அங்கே அதற்கு யாரும் எண்ணெய் போடப்போவதில்லை. தோல் உறையோடு கொடுத்தது இன்னும் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதனிட்ட உப்பையும் இரும்புக்குக் கொடுக்கும்.

ஒப்படைத்தபோது காலியாக இருந்தது என்று ரசீதும் நினைவும் சொன்னாலும், அடைத்த போல்ட்டைத் தோட்டா இருப்பதாகவே எண்ணிக் கையாளுங்கள். துரு இளக்கும் எண்ணெயை போல்ட்டும் ரிசீவரும் சேரும் கோடுகளில் விட்டு, ஒரு நாள் படுக்கவையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. கை பலத்தில் விட்டால் கழற்றி, நான்கு பூஜ்ய (0000, மிக மென்மையான) ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து மேல்துருவை மட்டும் எடுங்கள். இரண்டு நாளிலும் விடவில்லை என்றால் மூன்றாம் நாள் சுத்தியல் எடுக்கத் தோன்றும். அதற்குள் கன்ஸ்மித்திடம் போய்விடுங்கள்.

அடுத்த முறை ஒப்படைக்கும் முன் சேம்பரிலும் போல்ட்டிலும் எண்ணெய்ப் படலம் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி, துணி உறையில் கொடுங்கள்.

## கன்ஸ்மித்திடம் போகும்போது

சேம்பரில் சுடாத தோட்டாவோடு இறுகியது, அழுத்தம் மீறிய அடையாளம், கேஸ் வளையம், லக்கிலோ போல்ட்டிலோ மயிரிழை விரிசல், துருக்குழி, வளைந்த கைப்பிடி, தேய்ந்த போல்ட் தலை மரை: இவை எதற்கும் வீட்டில் மருந்து இல்லை. தோட்டா உள்ளே இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் ரைபிளைத் தூக்கிக்கொண்டு நகருக்குள் புறப்பட வேண்டாம். ரேஞ்சில் இருந்தால் ரேஞ்ச் ஆஃபிசரிடம் சொல்லுங்கள், வீட்டில் இருந்தால் டீலருக்குப் போன் பண்ணி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

மற்றபடி ரைபிளை உறையில் போட்டு, அசல் உரிமத்தோடு நீங்களே எடுத்துப் போங்கள். குடகில் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு பெற்றவர்கள் அந்தச் சான்றிதழோடு. போல்ட்டை மட்டும் கழற்றிக் கூரியரில் அனுப்புவதோ, தம்பியிடம் கொடுத்தனுப்புவதோ கூடாது. சட்டத்தின் பார்வையில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். வேலைக்கு விடும்போது ரைபிள் எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடவே எடுத்துப்போக வேண்டியது: இறுகிய காலிக் கேஸ் இரண்டு, நன்றாக வந்த கேஸ் ஒன்று, தோட்டாப் பெட்டியின் லாட் எண், எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதிய துண்டுச் சீட்டு. துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோக வேண்டாம். எங்கே உரசுகிறது என்று அவருக்குக் காட்டுவது அந்த அழுக்குதான்.